"சர்வர் டவுன்"னு சொல்றதுக்கு முன்னாடி: கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். கடலூர்லேருந்து புதுச்சேரி வரைக்கும் எங்கெல்லாம் கண்ணாடிக்கு பின்னாடி ஒரு கம்ப்யூட்டரும் கண்ணாடிக்கு முன்னாடி ஒரு வரிசையும் இருக்கோ, அங்கெல்லாம் உள்பக்கம் உக்காந்திருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். திட்டறதுக்காக எழுதலைங்க, அத முதல்லயே சொல்லிடறேன். நானும் பதினாலு வருஷம் இந்த மாதிரி மாட்டிக்கிற வேலைதான் பாத்தேன், சென்னைல ஒரு கம்பெனி சர்வர் ரூம்ல ராத்திரி ஷிஃப்ட், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன், மெஷின் படுத்தா ஃபோன் எனக்குத்தான் வரும், திட்டும் எனக்குத்தான் வரும். இப்ப ஊரோட வந்துட்டேன், கடலூர் வண்டிப்பாளையத்துல வீடு, வீட்லேருந்தே வேலை.

விஷயம் ஒரே ஒரு வார்த்தை பத்தி. சர்வர். அதுலயும் நீங்க தினம் நூறு தடவ சொல்ற அந்த "சர்வர் டவுன்".

போன மாசம் அம்மாவோட ஆதார்ல ஃபோன் நம்பர் மாத்தணும்னு ஒரு மையத்துக்கு போனோம். எந்த மையம்னு சொல்ல மாட்டேன், அந்த தம்பி நல்ல புள்ள, அவன மாட்டி விடறது என் நோக்கம் இல்ல. அம்மா அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ தனியா ஷேர் ஆட்டோ புடிச்சு போயிட்டு வந்துடுச்சு, ரெண்டு தடவையும் சர்வர் டவுன், நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணாவது தடவ நான் கூட போனேன். உள்ள நுழையும்போதே தம்பி தலைய தூக்காம "சர்வர் டவுன்ணா, நாளைக்கு வாங்க"ன்னான். அம்மா என் கைய புடிச்சு இழுத்து காதுல மெதுவா கேக்குது, "ஏன்டா, அந்த சர்வருக்கு அப்படி என்னதான் உடம்புக்கு, மூணு நாளா எழுந்திரிக்கவே இல்லயாமே?"

நான் சிரிச்சுட்டேன். அப்புறம் வெளிய வந்து நின்னப்ப சிரிப்பு நின்னு போச்சு, ஏன்னா அம்மா தமாஷ் பண்ணல. எங்க வீட்ல சர்வர்னா அது அப்பாதான். திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு ஓட்டல்ல இருபத்தி ரெண்டு வருஷம் சர்வரா இருந்தாரு, இடது கைல முழங்கை வரைக்கும் நாலு தட்டு அடுக்கி வச்சுக்கிட்டு வலது கைல சாம்பார் வாளியோட நடப்பாரு, எழுதி வச்சுக்காம நாலாம் டேபிள் ரெண்டு பொங்கல் ஒரு ரவா, ஏழாம் டேபிள் காபி சக்கர கம்மின்னு சமையல்கட்டுல போய் அப்படியே ஒப்பிப்பாரு. அம்மாவுக்கு சர்வர் படுத்துட்டாருன்னா காய்ச்சல்னுதான் அர்த்தம். வீட்டுக்கு வர்ற வழியில இன்னொன்னு கேட்டுச்சு பாருங்க, "உங்கப்பா ஒரு நாள் வரலன்னா மொதலாளி டீ கிளாஸ் கழுவற பையனயாவது டேபிளுக்கு அனுப்புவாரு, இம்மாம் பெரிய கவர்மென்டுல ஒரே ஒரு சர்வரதான் வச்சிருக்காங்களா?" பதினாலு வருஷம் அந்த துறையில இருந்தவன் நான், இவ்ளோ சரியான கேள்விய எந்த மீட்டிங்லயும் எவனும் கேட்டு நான் பாத்ததில்ல. ஒரு மெஷின் படுத்தா இன்னொன்னு எழுந்து நிக்கணும், அதுக்குத்தான் ஒரே வேலைக்கு நாலு அஞ்சு சர்வர் வச்சு முன்னாடி ஒரு ஆள நிறுத்தி வர்ற கூட்டத்த பிரிச்சு அனுப்பறது, ஒரு ஊரே மூழ்குனாலும் ஓடணும்னு வேற ஊர்ல இன்னொரு செட் வைக்கறது எல்லாம். நம்ம நாட்டுல அரசாங்க கம்ப்யூட்டர் வேலைய பாத்துக்கற என்ஐசிக்கு டில்லி, புனே, ஐதராபாத், புவனேஸ்வர்னு பல இடத்துல தேசிய டேட்டா சென்டர் இருக்கறதும் இந்த கணக்குலதான்.

இருங்க, அன்னிக்கு நடந்தத முடிச்சுடறேன். வெளிய நின்னவன் சும்மா இருக்கலாம்ல, பழக்க தோஷம், என் ஃபோன்ல அதே வெப்சைட்ட தொறந்து பாத்தேன். தொறக்குது. கொஞ்சம் நேரம் எடுத்துச்சு, ஆனா தொறந்துச்சு, லாகின் வரைக்கும் போச்சு. அப்ப சர்வர் நின்னுக்கிட்டுதான இருக்கு? திரும்ப உள்ள போய் எட்டிப் பாத்தா பீரோவுக்கு பக்கத்துல செவுத்துல ஒரு வெள்ளை டப்பா, ஃபைபர் மோடம், அதுல எல்ஓஎஸ்ங்கிற லைட்டு செவப்பா கண்ண சிமிட்டிக்கிட்டு இருக்கு. அந்த லைட்டு செவப்பா எரிஞ்சா ஒயருல வர்ற வெளிச்சம் டப்பா வரைக்கும் வந்து சேரலன்னு அர்த்தம். கண்ணாடி இழைங்க அது, செப்புக் கம்பி மாதிரி இஷ்டத்துக்கு மடக்க முடியாது, ரொம்ப மடங்குனா வெளிச்சம் அங்கயே வெளிய கசிஞ்சு போயிடும். பீரோவ யாரோ நகத்தி ஒயர் மேலயே சாத்தி வச்சிருக்காங்க. "தம்பி, இது உங்க நெட்டுப்பா, சர்வர் இல்ல"ன்னேன். அவன் அந்த டப்பாவ காட்டி ரொம்ப பொறுமையா எனக்கு பாடம் எடுத்தான், "அண்ணா, அதான்ணா சர்வர். பச்சை எரிஞ்சா அப், செவப்பு எரிஞ்சா டவுன்."

அவன் மேல எனக்கு கோவமே வரல. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான். பாஸ்வேர்ட் குடுத்தாங்க, எந்த பட்டன அமுக்கணும்னு காட்டுனாங்க, கமிஷன் எவ்ளோன்னு சொன்னாங்க, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு யாரு சொன்னா? அதனால நான் சொல்றேன், ஓட்டல் கதையாவே சொல்றேன், அதவிட நல்ல உதாரணம் இதுக்கு கெடையாது.

சர்வர்னா கேட்டா குடுக்கிறது. கேக்கறது கிளையன்ட். உங்க மேஜ மேல இருக்கற கம்ப்யூட்டர் டேபிள்ல உக்காந்து ஆர்டர் சொல்ற கஸ்டமர், எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல இருக்கற மெஷின் ஆர்டர வாங்கி உள்ளேருந்து எடுத்து வந்து குடுக்கற ஆள். அது பெரிய மெஷினாதான் இருக்கணும்னு இல்ல, சொல்லப்போனா சர்வர்ங்கறது முதல்ல ஒரு வேலையோட பேரு, அப்புறம்தான் மெஷினுக்கு ஆச்சு, அந்த வேலைய செய்யற புரோகிராமுக்கும் அதே பேருதான், ஒரே மெஷினுக்குள்ள பத்து சர்வர் புரோகிராம் ஓடும், உங்க ஃபோன கூட சர்வரா ஆக்கலாம். தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் புழங்குது, சேவையகம்னு ஒண்ணு, வழங்கின்னு ஒண்ணு. சேவையகம்னா ஏதோ போர்டு மாட்டின கட்டடம் மாதிரி தோணுது எனக்கு. வழங்கி நல்லா இருக்கு, வழங்கறது எதுவோ அது வழங்கி. அந்த கணக்குக்கு கிளையன்ட வாங்கின்னு சொல்லலாம், நான் கேட்ட வரைக்கும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

இந்த வார்த்தை கம்ப்யூட்டருக்குள்ள எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. டென்மார்க்ல எர்லாங்னு ஒருத்தர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காரர், ஃபோன் கால் எப்பப்ப வந்து குவியும், எத்தன பேரு காத்திருப்பாங்க, அதுக்கு எத்தன ஆள் போடணும்னு கணக்கு போட்டு 1909ல ஒரு கட்டுரை எழுதுனாரு. அதுலேருந்து வளந்ததுதான் வரிசைக் கணக்கு, ரேஷன் கடை க்யூவுக்கும் டோல்கேட்டுக்கும் அதே கணக்குதான். எர்லாங் காலத்துல ஆபரேட்டர்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1953ல கெண்டால்னு இங்கிலாந்து கணித மேதை வரிசைங்கள வகை பிரிக்க ஒரு சுருக்கெழுத்து கொண்டு வந்தாரு, மூணு இடம் இருக்கும், ஆளுங்க எப்படி வர்றாங்க, ஒருத்தருக்கு எவ்ளோ நேரம் ஆகுது, மூணாவது இடத்துல எத்தன சர்வர். இங்க சர்வர்னா யாரு தெரியுமாங்க? கவுன்ட்டர்ல உக்காந்து வரிசைய கவனிக்கறவங்க. நீங்கதான். அதுக்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர்காரங்க இத எடுத்துக்கிட்டாங்க, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டுக்காக 1969ல எழுதுன ஆர்எஃப்சி 5ங்கற குறிப்புலயே சர்வர்-ஹோஸ்ட், யூசர்-ஹோஸ்ட்னு பிரிச்சு எழுதியிருக்காங்க.

ஆக கவுன்ட்டர்காரங்களுக்கு இருந்த பேர மெஷினுக்கு கடன் குடுத்தாங்க, இப்ப அந்த கவுன்ட்டர்ல உக்காந்துக்கிட்டே நீங்க சர்வர் டவுன்னு சொல்றீங்க, கணக்கு வாத்தியார் யாராவது வரிசைல நின்னா உங்க முகத்த ஒரு தடவ கவலையா பாப்பாரு.

படுக்கறது அதுக்கு புதுசும் இல்லைங்க. அதே 1969 அக்டோபர் 29ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிவர்சிட்டிலேருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல இருந்த மெஷினுக்கு லாகின்னு டைப் பண்ண ஆரம்பிச்சாங்க, எல் போச்சு, ஓ போச்சு, அவ்ளோதான், அந்தப் பக்கம் மெஷின் படுத்துடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு சரி பண்ணி மறுபடி அனுப்புனாங்க. வரலாத்துல முதல் தடவ கூப்பிட்டப்பவே சர்வர் டவுன். நெசமாவே டவுன், அதனால ஒத்துக்கறேன்.

இப்ப நீங்க சொல்றதுல எது நெசம்னு பாப்போம். நான் கேட்ட வரைக்கும் சர்வர் டவுன்ங்கற ரெண்டு வார்த்தைக்குள்ள ஒரு மளிகைக்கடையே இருக்கு. கரண்ட் போயிடுச்சு, யுபிஎஸ் பேட்டரி செத்துடுச்சு, நெட் இல்ல, பிரின்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, ஓடிபி வரல, கைரேகை விழல, பாஸ்வேர்ட் காலாவதி ஆயிடுச்சு, பாஸ்வேர்ட் தெரிஞ்ச சார் லீவு, சாப்பாட்டு நேரம், எல்லாத்துக்கும் அதே பதில். முன்னாடி காலத்துல கரண்ட் இல்லன்னாங்க, அப்புறம் பேங்குல லிங்க் இல்லன்னாங்க, என் பாட்டி செத்துப் போற வரைக்கும் லிங்க்னா ஏதோ சாவின்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப சர்வர். ஒரு இடத்துல பாத்தேன், சர்வர் டவுன்னு பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து லேமினேஷன் பண்ணி மேல ஓட்ட போட்டு கயிறு கட்டி வச்சிருக்காங்க, தேவப்பட்டா ஆணில மாட்டலாம், முடிஞ்சா டிராயர்ல வைக்கலாம். லேமினேட் பண்ற அளவுக்கு நம்பிக்கைங்க! சுவிட்சர்லாந்துல செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்தோட முதல் வெப் சர்வர ஓட்டுன மெஷின் மேலயும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாரு, 1990 வாக்குல, செவப்பு மையில கையாலயே எழுதி, இந்த மெஷின் ஒரு சர்வர், இத ஆஃப் பண்ணாதீங்கன்னு. அவருக்கு அது படுத்துடக் கூடாதுன்னு பயம்.

மூணு விஷயத்த மட்டும் பிரிச்சு பாருங்க, போதும். சர்வரே படுக்கறது, போற வழி அடைபடறது, சர்வர் நின்னுக்கிட்டு இருந்தும் கூட்டத்துல திணர்றது.

வழி அடைபடறதுக்கு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கமே வேணாம். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை ஊருக்குள்ள வந்தப்ப கடைல சரக்கு இருந்துச்சு, கடைக்காரரும் உள்ள இருந்தாரு, நாம போக முடியல. அத கடை மூடிட்டாங்கன்னு சொல்வோமா? 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டா எல்லாம் ஒண்ணா ஆறு மணி நேரம் போல நின்னுச்சே, ஞாபகம் இருக்கா, அன்னிக்கு அவங்க மெஷின் எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, நெட்டுக்கு வழி காட்டற ரவுட்டர்ல ஏதோ மாத்தப் போய் எங்கள வந்து சேர இதான் வழின்னு உலகத்துக்கு சொல்ற அறிவிப்பு வாபஸ் ஆயிடுச்சு, உலகத்துல யாருக்கும் அவங்க வீட்டுக்கு வழி தெரியாம போச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிக்கு அப்படின்னா நம்ம பீரோவுக்கு அடில மாட்டுன ஒயருக்கு இப்படி. ரெண்டும் ஒரே ஜாதி நோய்தான்.

கூட்டத்துல திணர்றது, இதுதான் கடைசி தேதி அன்னிக்கு நடக்கறது. அப்பா ஓட்டல்ல மாசி மகம் அன்னிக்கு நடக்கறத பாத்திருக்கேன், தேவனாம்பட்டினம் கடற்கரைல சாமி பாத்துட்டு ஊரே திரும்ப வரும், அப்பா அன்னிக்கு படுக்கல, இன்னும் சொன்னா தெனமும் நடக்கறதவிட வேகமா நடப்பாரு, ஆனா நாப்பது பேரு நாப்பது பக்கம் சார் சார்னு கூப்பிட்டா இட்லி வர அரை மணி நேரம் ஆகும். அதுக்கும் கணக்கு இருக்குங்க. ஒரே ஒரு சர்வர், ஆளுங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு வர்றாங்க, ஒருத்தருக்கு ஆகற நேரமும் முன்ன பின்ன இருக்குன்னு வச்சுக்குங்க, சர்வரோட நேரத்துல பாதி வேலைல போகுதுன்னா சராசரியா கடைக்குள்ள 1 ஆள்தான் இருப்பாரு. 80 சதவீதம் வேலைன்னா 4 ஆள். 90 சதவீதம்னா 9. 95ன்னா 19. 99ன்னா 99. கவனிச்சீங்களா, 90லேருந்து 99க்கு வேலை என்னமோ கொஞ்சம்தான் ஏறுச்சு, வரிசை பதினோரு மடங்கு ஆயிடுச்சு. அப்ளிகேஷன் போட கடைசி நாள் சாயங்காலம் வெப்சைட்டுல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கே, அது படுக்கலைங்க, மூச்சு வாங்குது. அந்த நேரத்துல என்ன பண்றோம்? பக்கத்த திரும்ப வரவழைக்கற எஃப்5 பட்டன தட்டு தட்டுன்னு தட்டறோம். ஒவ்வொரு தட்டும் ஒரு புது ஆர்டர், பழைய ஆர்டர பத்தி சர்வருக்கு நெனப்பு போகாது, அதையும் செஞ்சுக்கிட்டுதான் இருக்கும். ஒரே ஆளு இருவது தடவ இட்லி கேட்டா பக்கத்து டேபிளுக்கு எப்படிங்க வரும்? பத்து நிமிஷம் விட்டு பாருங்க, காலைல எட்டு மணிக்கு முன்னாடி பாருங்க, இத வர்றவங்க கிட்டயும் சொல்லுங்க.

நெசமாவே படுக்கறது நாம சொல்ற அளவுக்கு நடக்கறது இல்ல. எங்க துறையில 99.9 சதவீதம் ஓடணும்னு எழுதிக் கையெழுத்து போடுவோம், வருஷத்துக்கு சுமார் எட்டே முக்கால் மணி நேரம்தான் நிக்கலாம்னு அர்த்தம். 99 சதவீதம்னா கூட வருஷத்துக்கு மூணே முக்கால் நாளுக்கும் கொஞ்சம் கம்மி. அம்மா போன மூணு நாளும் டவுன்னா ஒரு வருஷத்து கோட்டா கிட்டத்தட்ட ஒரே வாரத்துல காலி.

எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. கம்ப்யூட்டரே சொல்லுதுங்க, நாமதான் படிக்கறது இல்ல. குரோம்ல அந்த குட்டி டைனோசர் வந்தா பிரச்சினை உங்க ரூம்ல, இல்ல உங்க தெருவுல. சர்வர் மேல பழி போடாதீங்க, அதுக்கு நீங்க கூப்பிட்டதே தெரியாது. அதுக்கு பதிலா ஒரு மூணு இலக்க நம்பர் வருதுன்னா அந்தப் பக்கம் யாரோ எடுத்து பேசிட்டாங்கன்னு அர்த்தம். 4ல ஆரம்பிச்சா தப்பு கேக்கற பக்கம், 404ன்னா மெனுவுல இல்லாதத கேட்டீங்க, 403ன்னா அந்த டேபிள்ல உக்கார உங்களுக்கு அனுமதி இல்ல. 5ல ஆரம்பிச்சா குடுக்கற பக்கம். 500ன்னா சமையல்கட்டுல ஏதோ ஒடஞ்சிடுச்சு, 502ன்னா மாஸ்டர் சொன்னது சர்வருக்கே புரியல, 504ன்னா உள்ள கேட்டு அனுப்பி காத்திருந்து பாத்தாச்சு மாஸ்டர்கிட்டேருந்து பதிலே வரல, 503ன்னா இப்ப முடியாது அப்புறம் வாங்க. இந்த 503 அனுப்பும்போது எத்தன செகண்ட் கழிச்சு திரும்ப கேக்கலாம்னு சேத்து சொல்றதுக்குன்னே ஒரு எடம் வச்சிருக்காங்க அந்த விதிமுறைல. மெஷினுக்கு மெஷின் அந்த மரியாதய குடுத்துக்குதுங்க. எங்க அம்மாவுக்கு கெடச்சது மொட்டையா "நாளைக்கு வாங்க".

நாளைக்கு வந்தா என்னன்னு நெனக்கறீங்க இல்ல, அதுக்குத்தான் இத எழுதவே உக்காந்தேன். அதே மையத்துல எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியம்மா, பண்ருட்டி பக்கம் கிராமம், முந்திரி ஒடைக்கற வேலை. முந்திரி ஓட்டுல இருக்கற எண்ணெய் தோல அரிக்கும், நம்ம மாவட்டத்துல இது யாருக்கும் தெரியாதது இல்ல, வருஷக்கணக்கா ஒடைச்சா விரல் நுனி கறுத்து வழவழன்னு ஆயிடும். வேற ஒரு நாள் நெட்டு நல்லா இருந்தப்ப நடந்தது இது, ஃபோன் நம்பர் மாத்தப் போன நாலாவது நாள். அந்த மெஷின்ல பெரியம்மா விரல வைக்குது, லைட்டு எரியுது, அணையுது, மறுபடி வைக்குது, கைய பொடவைல தொடச்சிட்டு வைக்குது, அடுத்த விரல் வைக்குது. நான் பின்னாடி நின்னு ஸ்கிரீன பாக்கறேன், 300ன்னு வருது. இது மேல சொன்ன வெப்சைட் நம்பர் இல்ல, ஆதாரோட சொந்த நம்பர், 300ன்னா கைரேகை ஒத்துப் போகலன்னு அர்த்தம். ஒத்துப் போகலன்னு சொன்னது யாரு? சர்வர். அதாவது சர்வர் முழிச்சுக்கிட்டு இருந்து, கேள்விய வாங்கி, தேடிப் பாத்து, ஒழுங்கா பதில் சொல்லியிருக்கு. கவுன்ட்டர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சர்வர் டவுன் ஆயா, ரெண்டு நாள் கழிச்சு வா."

பெரியம்மா தலைய ஆட்டிட்டு போக கெளம்புது. ரெண்டு நாள் கழிச்சு சர்வர் சரியாயிடும்னு நம்புது. பஸ்ஸு சார்ஜ், ஒரு நாள் கூலி, இதெல்லாம் போகட்டும், ரெண்டு நாள்ல விரல்ல ரேகை மொளைக்குமா? அதுக்கு வேற வழி இருக்குங்க, கண்ணு ரேகை இருக்கு, முகத்த வச்சு பாக்கறது இருக்கு, ஃபோன் நம்பர் சேத்திருந்தா ஓடிபி இருக்கு, எல்லாமே ஆதார்ல உள்ள வழிதான், எல்லா எடத்துலயும் எல்லா கருவியும் இருக்காது, இருக்கற எடத்துக்கு போகச் சொல்லலாம். "ஆயா உன் விரல் விழல, கண்ண காட்டறியா"ன்னு ஒரு வார்த்தை. சர்வர் டவுன்னு சொன்னதால அந்த ஒரு வார்த்தைக்கு எடமே இல்லாம போச்சு. பொய் சொல்லணும்னு சொல்லல அந்த தம்பி, எனக்கு தெரியும், வரிசைல இன்னும் இருவது பேரு, பெரியம்மாவுக்கு விரல் தேஞ்சிடுச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவும் ஒரு மாதிரி இருக்கும், சர்வர் டவுன்னா யாரு மனசும் நோகாது. நோகாத பதில்ங்கறதாலதான் அது இவ்ளோ பரவிடுச்சுன்னு நெனக்கறேன். சர்வர் எதிர்த்து பேசாது, யூனியன் கெடையாது, அதுக்கு ஊரும் தெரியாது.

அன்னிக்கு நான் கொஞ்சம் மூக்க நொழச்சேன், தம்பியும் பாவம் கேட்டுக்கிட்டான், பக்கத்து ரூம்லேருந்து கண்ணு ரேகை மெஷின் கொண்டு வந்தாங்க, தூசி தட்டி. ரெண்டாவது தடவைல விழுந்துச்சு. பெரியம்மா என்ன பாத்து "சர்வர் வந்துட்டாரா தம்பி"ன்னு கேட்டுச்சு. எங்க அம்மா பக்கத்துலேருந்து "இப்பதான் எழுந்திருச்சாரு"ன்னு பதில் சொல்லுது. ரெண்டும் சேந்து சிரிக்குதுங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வர்றவங்களுக்கு ரவுட்டர், எல்ஓஎஸ் எல்லாம் விளக்க வேணாம். நெட் இல்லன்னா நெட் இல்லன்னு சொல்லுங்க, நாங்க பக்கத்து தெரு மையத்துக்கு போவோம், உங்களுக்கு இருவது பேரு கூட்டம் கொறையும். கரண்ட் இல்லன்னா எத்தன மணிக்கு வரும்னு ஈபில கேட்டு சொல்லுங்க, தானே புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்ட் இல்லாம இருந்த ஊரு இது, யாரும் உங்க சட்டைய புடிக்க மாட்டோம். கூட்டத்துல திணருதுன்னா சாயங்காலம் வேணாம் காலைல வாங்கன்னு சொல்லுங்க. விரல் விழலன்னா விரல் விழலன்னு சொல்லுங்க. சார் லீவுன்னா சார் லீவுன்னே சொல்லிடுங்களேன், சாருக்கும் ஒரு வயித்து வலி வராதா. நெசமாவே சர்வர் டவுன்னா அதையும் சொல்லுங்க, அப்ப எந்த மையத்துக்கும் அலைய வேணாம்னு வீட்டுக்கு போய் படுப்போம். அந்த வார்த்தைக்குன்னு ஒரு வேலை இருக்கு, அத தேவைக்கு மட்டும் எடுத்தா நாங்களும் நம்புவோம். இப்ப நீங்க உண்மைய சொன்னாலும் எவனும் நம்ப மாட்டேங்கறான், வெளிய டீக்கடைல "சர்வர் டவுனாம்"னு சொல்லி கண்ணடிக்கறாங்க, அது உங்க காதுக்கு வருதோ இல்லயோ.

மேல இருக்கற ஆபீசருங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு. ஆளு எடுக்கறப்ப ஒரு மணி நேரம், ஒரே மணி நேரம், அந்த டப்பாவுல எந்த லைட்டு என்னன்னும் ஸ்கிரீன்ல வர்ற நம்பர் என்னன்னும் சொல்லிக் குடுங்க. ஒரு சாதா பேப்பர்ல எழுதி மானிட்டருக்கு பக்கத்துல ஒட்டுனா போதும். லேமினேஷன் மெஷின் ஏற்கனவே இருக்கு.

அம்மா நம்பர் மாறிடுச்சு, மெசேஜ் வந்துடுச்சு. ஆனா தம்பி, உங்க ஒயரு இன்னும் அந்த பீரோவுக்கு அடியிலதான் கெடக்கு, நாலாவது நாள் வந்தப்ப பாத்தேன், சும்மா ஒரு அட்டைய சொருகி வச்சிருக்கீங்க, அடுத்த தடவ யாராவது பீரோவ தொறந்தா மறுபடி செவப்புதான். புதன்கிழமை பத்தரைக்கு மஞ்சக்குப்பம் பக்கம் வேலை இருக்கு, அப்படியே வர்றேன். ஒயர் கிளிப்பும் ரெண்டு ஆணியும் வீட்லயே இருக்கு, எடுத்துட்டு வர்றேன். சுத்தி மட்டும் வாங்கி வையுங்க, எங்க வீட்டுது கைப்பிடி ஒடஞ்சிடுச்சு.